சுடுகாட்டு மல்லி தந்த உயிர் மருந்து!

புற்றுநோய்ச் செல்லைப் பிரிய விடாமல் மடக்குவது எப்படி?

தாம்பரத்தில் ரெயிலை விட்டு இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அந்தச் செடியைப் பார்க்கலாம். சேலையூரில் வேலி ஓரம் நிற்கும். சிட்லப்பாக்கத்தில் வாசல் தொட்டியில் நிற்கும். குரோம்பேட்டையில் மதில் சுவர் வெடிப்பில்கூட முளைத்திருக்கும். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது.

ஐந்து இதழ்ப் பூ. வெள்ளையாக இருக்கும், அல்லது ரோஜா நிறத்தில் இருக்கும். வருடம் முழுவதும் பூக்கும். அதனால் அதற்கு நித்தியகல்யாணி என்று பெயர்.

இன்னொரு பெயரும் உண்டு. சுடுகாட்டு மல்லி! சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் மண்டிக் கிடப்பதால் வந்த பெயர்.

இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்று உலகம் முழுவதும் போடுகிற ஊசி மருந்து ஒன்று இந்தச் செடியின் இலையில் இருந்து வந்ததுதான். தாம்பரத்தில் ரெயில் ஏறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்தால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கே பல ஆயிரம் குழந்தைகளின் உடம்பில் ஏறிய மருந்து அது.

மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அது செய்கிற முக்கிய வேலை ஒன்றே ஒன்று. செல்லை இரண்டாகப் பிரிய விடாது!

பாகப்பிரிவினை

செல் என்றால் என்ன? வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, உடம்புக்குச் செல் அப்படி. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்த்துளி. ஒரு மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன.

செங்கல் வளராது. செல் வளரும். வளர்ந்து இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகும். தாயின் வயிற்றில் ஒரே ஒரு செல்லாகத் தொடங்கிய குழந்தை, இப்படிப் பிரிந்து பிரிந்துதான் கையும் காலும் உள்ள பிள்ளையாகிறது. பிறந்த பிறகும் இந்த வேலை நிற்பதில்லை. நீங்கள் இந்த வரியைப் படிக்கிற ஒரு நொடியில் உங்கள் எலும்பு மச்சையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய இரத்தச் சிவப்பணுக்கள் உண்டாகிவிட்டன.

செல் பிரிவது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி. ஆனால் ஒரு வித்தியாசம். வீட்டில் இருக்கிற சொத்தைப் பங்கு போடுவார்கள், ஆளுக்குப் பாதி. செல் அப்படிச் செய்வதில்லை. முதலில் சொத்து முழுவதையும் இரட்டிப்பாக்கும். பிறகு ஆளுக்கு ஒரு முழுச் சொத்து! சண்டைக்கே இடம் இல்லை.

அந்தச் சொத்து எது? பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற குரோமோசோம்கள். சாதாரணமாக ஒரு மனிதச் செல்லில் 46 உண்டு. பிரிகிற நேரத்தில் ஒவ்வொன்றும் தன் நகலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கத்தில் இருந்தும் மெல்லிய நூல்கள் கிளம்பி வரும். அவற்றைப் பிடித்து, செல்லின் நடுவில் வரிசையாக நிறுத்தும். ஒன்றை இந்தப் பக்கமும், அதன் நகலை அந்தப் பக்கமும் இழுக்கும். நூல்கள் சேர்ந்து நிற்கிற தோற்றம், நூல் நூற்கிற தக்களி போல இருக்கும். நடுவில் பருத்து, இரு முனையும் கூராக.

1882-ல் ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் பிளெமிங் இந்தக் காட்சியைப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்து, படம் வரைந்து ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். இழுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான்.

அரிவாள்மணையில் விரல் பட்டுக் காயமானால், அந்த இடத்துச் செல்கள் வேகமாகப் பிரிந்து காயத்தை மூடும். மூடியதும் நின்றுவிடும். 'போதும்' என்கிற கட்டளை உள்ளேயே இருக்கிறது.

அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியாத செல்தான் புற்றுநோய்ச் செல். இரத்தப் புற்றுநோயில் எலும்பு மச்சைக்குள் இருக்கிற ஒரு வெள்ளணு இப்படிக் கெட்டுப்போகிறது. தன் இனத்தையே பெருக்குகிறது. நல்ல அணுக்கள் பிறக்க இடம் இல்லாமல் போகிறது. பிள்ளை வெளுத்துப்போகும். அடிக்கடி காய்ச்சல் வரும். அடிபடாமலே தோலில் கன்றிய தடம் தெரியும்.

தபாலில் போன 25 இலைகள்

நித்தியகல்யாணியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கப்பல் ஏறி, வெயில் அடிக்கிற நாடெல்லாம் பரவிவிட்டது. போன இடமெல்லாம் மக்கள் அதைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். நீரிழிவுக்கு நல்லது என்று நம்பினார்கள்.

1952-ல் ஜமைக்கா தீவில் இருந்து கனடாவுக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே 25 இலைகள். 'இந்த ஊரில் நீரிழிவுக்காரர்கள் இதைக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள்' என்பது செய்தி. கவர் யாருக்கு வந்தது? டாக்டர் கிளார்க் நோபிள் என்பவருக்கு.

இந்தக் கிளார்க் நோபிளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1921-ல் டொரான்டோவில் டாக்டர் பாண்டிங் இன்சுலினைத் தேடத் தொடங்கியபோது, உதவிக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் நோபிள், மற்றவர் சார்லஸ் பெஸ்ட். முதலில் யார் போவது? காசு சுண்டினார்கள். பெஸ்ட் ஜெயித்தார். இன்சுலின் கண்டுபிடித்தவர் என்ற புகழ் அவருக்குப் போயிற்று. நோபிளுக்குப் போனது ஏமாற்றம். முப்பது வருடம் கழித்து நீரிழிவு என்று சொல்லிக்கொண்டு இந்த இலைகள் வந்து சேர்ந்தன!

அவர் இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் ஏற்றினார். எலிகள் செத்துப்போயின!

வேறு யாராவது என்றால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். ராபர்ட் செத்த எலிகளை அறுத்துப் பார்த்தார். உடம்பெல்லாம் சீழ்க்கட்டிகள். இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிட்டிருந்தன. எலும்பு மச்சை வறண்டு கிடந்தது. கிருமியை எதிர்க்க ஆள் இல்லாமல் எலிகள் மாண்டிருக்கின்றன.

அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. வெள்ளணுவைக் குறைக்கிற சரக்கு இது. வெள்ளணு அளவுக்கு மீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்?

1954-ல் சார்லஸ் பீர் என்ற ரசாயன நிபுணர் ராபர்ட்டுடன் சேர்ந்தார். இருவரும் இலையில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். 1958-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனியும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தது. இரத்தப் புற்றுநோய் வந்த சுண்டெலிகள் இந்தச் சாற்றால் அதிக நாள் உயிரோடு இருந்ததை அவர்கள் கண்டார்கள். அங்கே கார்டன் ஸ்வபோடா என்பவரும் கூட்டாளிகளும் சேர்ந்து எடுத்த இரண்டாவது பொருள் வின்கிரிஸ்டின். 1963-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது.

இரண்டு மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். அமைப்பில் ஒரு மூலையில் மட்டும் சின்ன மாற்றம். அந்தச் சின்ன மாற்றத்தால் ஒன்று எலும்பு மச்சையைத் தாக்குகிறது. மற்றது மச்சையை அதிகம் தொடாமல் நரம்பைத் தொந்தரவு செய்கிறது. இரசாயனத்தில் இப்படி எல்லாம் நடக்கும்!

நூல் இல்லாத தக்களி

மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது?

குரோமோசோம்களை இழுக்கிற நூல்கள் ஒரே துண்டு நூல் அல்ல. டியூபுலின் என்ற சின்னச் சின்ன மணிகளை அடுக்கிக் கட்டிய குழல்கள் அவை. வேண்டும்போது செல் அவற்றைக் கட்டும். வேலை முடிந்ததும் கலைத்துவிடும். கலியாணப் பந்தல் போல.

வின்கிரிஸ்டின் அந்த மணிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய மணி அடுக்கில் சேராது. நூல் உருவாகாது. சொத்தை இரட்டிப்பாக்கிவிட்டு, இழுக்க நூல் இல்லாமல் செல் தவிக்கும். முன்னே போகவும் முடியாது. பின்னே திரும்பவும் முடியாது. கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு தானே அழிந்துபோகும்.

இந்த மணிகளையே விஞ்ஞானிகள் கண்டது இன்னொரு செடிப் பொருளின் தயவால். அந்தப் பொருள் தமிழ்நாட்டின் அரசு மலரிலும் உண்டு! செங்காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற பொருள் உண்டு. அதுவும் செல்லைப் பாதியில் நிறுத்திவிடும். 1967-ல் சிக்காகோவில் போரிசி, டெய்லர் என்ற இருவர், கோல்சிசின் செல்லுக்குள் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று துரத்திக்கொண்டு போனார்கள். அகப்பட்டது டியூபுலின். ஆனால் கோல்சிசின் கொடிய நஞ்சு. குணம் தருகிற அளவுக்கும் கொல்லுகிற அளவுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு. அதனால் புற்றுநோய்க்கு அது மருந்தாகவில்லை. கீல்வாதத்துக்குச் சிறு அளவில் கொடுக்கிறார்கள்.

நேர் எதிரான தந்திரமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஊசியிலை மரம் ஒன்றின் பட்டையில் இருந்து எடுத்த டாக்சால் என்ற மருந்து, நூலைக் கட்டவிடும், கலைக்க விடாது. பந்தலைப் பிரிக்க முடியாவிட்டாலும் செல்லுக்குச் சங்கடம்தான். அதற்கும் முடிவு ஒன்றே. கர்ப்பப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுக்கும் மார்புப் புற்றுக்கும் அது இன்று முக்கிய மருந்து.

அடையாறில் 12 படுக்கைகள்

மருந்து அமெரிக்காவில் பிறந்தால் போதுமா? இங்கே கொடுப்பதற்கு ஆஸ்பத்திரி வேண்டுமே!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி. தங்கை துடித்ததை அவர் மறக்கவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 'புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகப்போகிறவர்தானே, அதற்கு ஓர் ஆஸ்பத்திரியா?' என்று நினைத்த காலம் அது.

1952-ல் அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் ஆஸ்பத்திரி தொடங்கியது. படுக்கை 12. டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி. மற்றவர் சாந்தா என்ற இளம்பெண். 1955-ல் அவர் அடையாறு வளாகத்திலேயே குடியேறினார். மாதச் சம்பளம் 200 ரூபாய். 2021-ல் 93-வது வயதில் இறக்கும் வரை அந்த ஆஸ்பத்திரியே அவர் வீடு. நோபல் பரிசு பெற்ற சி.வி.ராமனின் உறவுக்காரப் பெண் அவர். அதை அவர் சொல்லிக்கொண்டது குறைவு.

1960-ல் அங்கே குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு ஏற்பட்டது. வின்கிரிஸ்டின் மருந்தும் பிறகு வந்து சேர்ந்தது. ஆனால் 1970-களில் கணக்குப் பார்த்தபோது மனம் கசந்தது. இந்தியாவின் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில்கூட, இரத்தப் புற்றுநோய் வந்த 100 பிள்ளைகளில் நான்கு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 20 பேருக்கும் குறைவு.

மருந்து இருக்கிறது. பிள்ளை பிழைக்கவில்லை. ஏன்?

1984-ல் சென்னை அடையாறு, பம்பாய் டாடா மெமோரியல், டில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களும், அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் இயான் மக்ராத்தும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். அதன் பெயர் எம்.சி.பி. 841. புது மருந்து ஒன்றும் அதில் இல்லை. இருக்கிற மருந்துகளை எந்த நாள், எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை மாதம் கொடுப்பது என்கிற ஒழுங்குதான் திட்டம். வின்கிரிஸ்டினோடு மற்ற மருந்துகளும் அதில் சேர்ந்திருந்தன. மூன்று ஊரிலும் ஒரே முறை. கூடவே கிருமியைத் தடுக்கிற கவனிப்பும், இரத்தம் ஏற்றுகிற வசதியும் மேம்பட்டன.

100-க்கு 20 என்று இருந்தது, 45 முதல் 60 வரை உயர்ந்தது!

பணக்கார நாடுகளில் இன்று 100-க்கு 90 பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அந்த இடத்தை இங்கே இன்னும் எட்டவில்லை என்பதும் உண்மை.

நூறு கோடி மிச்சம்

ஒரு மாதத்தில் பிள்ளை தேறிவிடும். முகம் களையாகும். விளையாடப் போகும். இரத்தம் எடுத்துப் பார்த்தால் புற்றுச் செல் கண்ணில் படாது. அப்புறமும் டாக்டர் ஏன் இரண்டு வருடம், இரண்டரை வருடம் என்று ஊசியும் மாத்திரையும் கொடுக்கிறார்?

கணக்கைப் பாருங்கள். நோய் தெரிய வருகிற நாளில் பிள்ளையின் உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். மருந்து ஆயிரத்துக்கு 999 செல்லை அழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய வெற்றி! மிச்சம் எத்தனை? நூறு கோடி. அந்த நூறு கோடியும் உடம்பு முழுவதும் சிதறிக் கிடப்பதால், சாதாரணச் சோதனையில் தெரியாது.

செல் பிரிகிற ஒரு மணி நேரத்தில்தான் வின்கிரிஸ்டின் அதை மடக்கும் என்று பார்த்தோம். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. மருந்து வருகிற நாளில் சில செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். அவை தப்பிவிடும். அடுத்த வாரம் விழித்துக்கொண்டு பிரியப் பார்க்கும். அப்போது அடுத்த ஊசி காத்திருக்க வேண்டும். இப்படி ஒரே இடத்தில் பல தடவை வலை வீசினால்தான் மீன் தீரும். அமெரிக்காவில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்ற விஞ்ஞானி சுண்டெலிகளை வைத்து 1960-களில் இதை நிரூபித்தார். ஒரே ஒரு புற்றுச் செல் தப்பினாலும், அது பெருகி எலியைக் கொன்றுவிடும் என்று அவர் காட்டினார்.

தேறிவிட்ட பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய், திரும்பி வராமல் இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கூலி வேலை போகிறது. வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருக்கிறது. பிள்ளையோ சிரித்து விளையாடுகிறது. நோய் இருக்கிறது என்று எப்படி நம்புவது? ஆனால் பாதியில் நிறுத்திய பிள்ளைக்கு நோய் திரும்பி வந்தால், பழைய மருந்துக்கு அது எளிதில் மசியாது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் வைத்தியத்துக்கு இடம் உண்டு. சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ரெயில் கட்டணச் சலுகையும் உண்டு. சமூக சேவகர் இருக்கிற ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டால் வழி சொல்வார். பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். ஒரு ரெயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தியவர்கள், மறுபடியும் அதே வாசலுக்கு வந்ததை அந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. நோய் வேறு, மருந்து வேறு. நிறுத்துகிற தவறு ஒன்றுதான்.

முடி ஏன் கொட்டுகிறது?

செல்லைப் பிரிய விடாத மருந்துக்கு, நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று தெரியாது. வேகமாகப் பிரிகிற எதையும் பிடிக்கும். முடியின் வேர் வேகமாகப் பிரிகிற இடம். அதனால் முடி கொட்டும். சிகிச்சை முடிந்ததும் திரும்ப முளைக்கும். வாய்க்குள் இருக்கிற தோலும் அப்படித்தான். அதனால் சில மருந்துகளில் வாய்ப்புண் வரும். வின்கிரிஸ்டினுக்கு மட்டும் ஒரு தனிக் குணம். நரம்புக்குள்ளும் அந்த டியூபுலின் குழல்கள் இருக்கின்றன அல்லவா? அதனால் கால் மரத்துப்போகும். மலச்சிக்கல் வரும். பிள்ளை நடையில் தடுமாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பொறுக்கக் கூடியவை. பொறுக்கக் கூடாதது காய்ச்சல்!

கூட்டு மருந்துகளால் வெள்ளணு குறைந்திருக்கிற நாட்களில் பிள்ளையின் நிலைமை, ராபர்ட் நோபிளின் எலிகளின் நிலைமைதான். கிருமி நுழைந்தால் தடுக்க ஆள் இல்லை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைப்பது, பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்குவது, விடியட்டும் என்று காத்திருப்பது எதுவும் கூடாது. நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செலையூரானாலும் சரி, செங்கல்பட்டானாலும் சரி. முன்கூட்டியே வண்டிக்குச் சொல்லி வைத்து, ஆஸ்பத்திரிப் போன் நம்பரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. கெட்டிக்காரக் குடும்பங்கள்.

வாசலில் செடி இருக்கிறதே!

'வாசலில் செடி இருக்கிறது. இலையை மென்றால் போதாதா?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது!

இலையில் மருந்து மிக மிகச் சொற்பம். காய்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோவைக் காய்ச்சி வடித்தாலும் ஒரு கிராம் தேறுவது கஷ்டம். அதோடு அந்த இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு காரப் பொருள்கள் கலந்து கிடக்கின்றன. சில நஞ்சு. எந்த இலையில் எது எவ்வளவு என்று மென்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆடு மாடுகூட இந்த இலையை மேயாது, அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நித்தியகல்யாணியை விவசாயிகள் பயிராகவே செய்கிறார்கள். இலையும் வேரும் மூட்டை மூட்டையாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன. வெளிநாட்டுக்கும் போகின்றன.

அங்கிருந்து அது ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் திரும்பி வருகிறது. தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத மருந்து. குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். இரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டும். முதுகுத்தண்டில் தவறி ஏறினால் உயிர் போய்விடும். அதனால் குப்பியின் மேலேயே எச்சரிக்கை எழுதியிருக்கும். எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. குழந்தைக்கு, அதன் உயரத்தையும் எடையையும் அளந்து, கணக்குப் போட்டு, அதிலும் குறைத்துக் கொடுக்கிறார்கள்.